டீவில நம்மாளு எப்பவும் கடைக் கவுண்டருக்குப் பின்னாடிதானா?

போன மாசம் சிங்கப்பூர் வாசகர் ஒருத்தர் இங்கிலீஷ் டீவி பத்திக் கேட்டதுக்கு "இங்கிலீஷ் சீரியல்ல வர்ற நம்மாளுங்கள பாத்தா எனக்குத் தூக்கம்தான் வருது"ன்னு ஒத்த வரில பதில் எழுதிட்டு நகந்துட்டேன், அது வினையாப் போச்சு. வாட்ஸ்அப்ல வந்து குவிஞ்சதுல பாதிக்கு மேல இதே விஷயம்தான். அதனால மாமியார் பஞ்சாயத்து, மேல் வீட்டுத் தண்ணி ஒழுகுறது எல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம், இந்த மாசம் டீவி, சினிமால நம்ம இந்திய, ஆசிய ஆம்பளைங்கள எப்படிக் காட்டுறாங்கங்கிறதுதான்.

கேள்வி: அண்ணே, என் மகன் செகண்டரி டூ, ஸ்கூல் டிராமா குழுவுல இருக்கான். இந்த வருஷ நாடகத்துல அவனுக்கு மாமா கடை (நம்மாளு வெச்சிருக்குற சின்ன மளிகைக் கடை) அங்கிள் வேஷம். "கொஞ்சம் இந்தியன் ஆக்சென்ட்ல பேசு, தலைய ஆட்டு"ன்னு சொன்னாங்களாம். வீட்டுக்கு வந்து "நான் இந்தியன்தானேம்மா, அப்போ நான் பேசுறது எந்த ஆக்சென்ட்?"னு கேக்குறான். எனக்குப் பதில் தெரியல. (யீஷூன் வாசகி)

பதில்: தங்கச்சி, உன் மகன் கேட்டத நான் 90-கள்லயே கேட்டிருக்கணும், வாய் வரல. அப்போ எனக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும், ஒரு இங்கிலீஷ் நாடகத்துக்கு ஆள் எடுக்குறாங்கன்னு ஃப்ரெண்டு இழுத்துட்டுப் போனான், யாரு எடுத்த நாடகம்னு கேக்காதீங்க. குடுத்த பேப்பர்ல என் பாத்திரத்துக்குப் பேரே இல்ல, 'வாட்ச்மேன்'னு மட்டும் போட்டிருந்துச்சு, மூணு வரி வசனம். நான் எப்பவும் பேசுற மாதிரி பேசினேன். "இன்னும் கொஞ்சம் இந்தியனா"ன்னாங்க. பேசினேன். "இன்னும்"னாங்க. கடைசில எங்க தாத்தா மாதிரி பேசிக் காட்டினேன், அவரு நாகப்பட்டினத்துலேருந்து ரஜூலா கப்பல்ல வந்து ஹார்பர்ல மூட்டை தூக்கினவரு, அவரோட இங்கிலீஷ எடுத்து விட்டதும் ரூம்ல இருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, வேஷம் எனக்கே கெடச்சுது. எழுபது வெள்ளி. அந்தக் காசுல தாத்தாவ கோமள விலாஸுக்குக் கூட்டிட்டுப் போயி தோசை வாங்கிக் குடுத்தேன். எந்தக் காசுன்னு சொல்லல.

அதெல்லாம் பழைய காலம்னு நெனச்சிட்டிருந்தேன், 2017-ல என்எஸ் (தேசிய சேவை) பசங்க பத்தின ஒரு படத்தோட ஆடிஷன்ல தன்னையும் 'முழு இந்தியனா' பேசிக் காட்டச் சொன்னாங்கன்னு ஒரு இளம் நடிகர் ஃபேஸ்புக்ல எழுதி ஊரே ரெண்டாப் பிரிஞ்சு சண்டை போட்டுச்சு. இருபது வருஷத்துல வெள்ளி கூடியிருக்கும், வசனம் மாறல.

இது எங்கேருந்து வந்துச்சுன்னு உன் மகன் கேட்டான்னா ஹாலிவுட்லேருந்து ஆரம்பி. அங்கயும் தொடக்கத்துல இப்படி இல்ல. 1915-ல, படம் பேசாத காலத்துல, செஸ்யூ ஹயகாவான்னு ஒரு ஜப்பான்காரரு 'தி சீட்'ங்கிற படத்துல வில்லனா வந்தாரு, வில்லன்தான், ஆனா அமெரிக்கப் பொம்பளைங்க அவரு மேல பைத்தியமாயிட்டாங்க, மூணே வருஷத்துல சொந்தமா படக் கம்பெனி வைக்கிற அளவுக்கு வளந்துட்டாரு. அப்புறம் 1934-லேருந்து ஒரு தணிக்கை விதிய ஹாலிவுட் கறாரா கடைப்பிடிக்க ஆரம்பிச்சுது, வேற வேற இனத்துக்காரங்க காதலிக்கிற மாதிரி காட்டக்கூடாதுன்னு. எழுத்துல கறுப்பர் வெள்ளையர் பத்திதான் இருந்துச்சு, ஸ்டூடியோக்காரங்க ஆசியர்களையும் சேத்து வெச்சுப் பூட்டிட்டாங்க. 1956 வரைக்கும் அந்த விதி இருந்துச்சு. சரி, காதலிக்கவே கூடாதுன்னு ஆயிட்டா ஒரு ஆம்பளைய வெச்சுக்கிட்டு கதைல என்னதான் பண்றது? வில்லனாக்கலாம், வேலைக்காரனாக்கலாம், கோமாளியாக்கலாம், சாமியாராக்கலாம். நாலையும் பண்ணாங்க.

புரூஸ் லீயே 1966-ல அமெரிக்க டீவிக்கு வந்தது ஒரு பணக்கார ஹீரோவோட டிரைவராத்தான். 1972-ல 'குங் ஃபூ'ன்னு ஒரு தொடர் வந்துச்சு, ஷாவ்லின் துறவி கதை, பாதி சீனக்காரன் வேஷம், அதுக்கு லீயையும் யோசிச்சாங்க, கடைசில டேவிட் காரடைன்னு ஒரு வெள்ளைக்காரருக்குக் குடுத்தாங்க. 2000-ல ஜெட் லீ நடிச்ச 'ரோமியோ மஸ்ட் டை'ல படத்தோட பேர்லயே ரோமியோ இருக்கான், ஆனா கடைசி வரைக்கும் ஒரு முத்தம் கிடையாது, கட்டிப்பிடிச்சு முடிச்சுட்டாங்க. 2007-ல ஆரம்பிச்ச 'தி பிக் பேங் தியரி'ல நம்ம ராஜ் இருக்கானே, பெரிய விஞ்ஞானி, உள்ள ரெண்டு கிளாஸ் போகாம ஒரு பொண்ணுகிட்ட வாயத் தெறக்க முடியாது, ஆறு சீசனுக்கு இந்த ஒரே ஜோக்கு.

இன்னும் தோண்டினா இது சட்டத்துலயும் பொழப்புலயும் போய் நிக்கும். 1882-ல அமெரிக்கா சீனத் தொழிலாளிங்க வர்றதத் தடுத்து சட்டம் போட்டுச்சு, அதுக்கு முன்னாடியே சீனப் பொம்பளைங்க வர்றத ஏறக்குறைய நிறுத்திட்டாங்க, இருந்த ஆம்பளைங்க குடும்பம் இல்லாம துணி வெளுத்தும் சமைச்சும் பொழச்சாங்க, அதப் பாத்து 'இவனுங்க ஆம்பளைங்களே இல்ல'ன்னு கேலி. நம்ம டோபி காட் ஸ்டேஷன்ல இறங்குறப்போ எனக்கு இது ஞாபகம் வரும். அங்க அந்தக் காலத்துல ஓடைல துணி வெளுத்த நம்மாளுங்களும் பெண்டாட்டி பிள்ளைய ஊர்ல விட்டுட்டு வந்தவங்கதானே.

உன் மகன்கிட்ட சொல்லு, மாமா கடைக்காரரா நடிக்கிறதுல ஒரு தப்பும் இல்ல. அந்தக் கடைக்காரருக்குப் பேரு என்ன, கடைய எத்தனை மணிக்குச் சாத்துவாரு, சாத்திட்டு எந்த பஸ் புடிப்பாருன்னு டீச்சர்கிட்ட போயி கேக்கச் சொல்லு. டீச்சருக்குப் பதில் தெரியலன்னா அவனே எழுதிக் குடுக்கட்டும். ஆக்சென்ட் அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.

கேள்வி: இப்போ இருக்குற பிள்ளைங்களுக்கு எதுக்கெடுத்தாலும் மனசு புண்பட்டுடுது. நாங்க 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' பாத்து வளந்தவங்க, ரஞ்சித் சிங் "ஆயிரம் மன்னிப்பு"ன்னு கைகூப்பினா வீடே சிரிக்கும். என்ன கெட்டுப்போச்சு? (தோ பாயோ, ஓய்வுபெற்ற வாசகர்)

பதில்: ஐயா, நானும் சிரிச்சவன்தான். 1977-ல வந்த தொடர், லண்டன்ல ஒரு இங்கிலீஷ் வகுப்பு, உலகத்துல இருக்குற அத்தனை இனத்துக்கும் ஆளுக்கு ஒரு கோணங்கி. ரஞ்சித்தா நடிச்ச ஆல்பர்ட் மோசஸ் இலங்கைல பிறந்தவரு, நல்ல நடிகரு. அவர் மேலயும் உங்க சிரிப்பு மேலயும் எனக்குக் கோவம் இல்ல.

சிரிப்பு முடிஞ்சப்புறம் தெருவுல என்ன நடக்குதுங்கிறதுதான் பிரச்னை. 'தி சிம்ப்சன்ஸ்'ல அப்புன்னு ஒரு கடைக்காரரு 1990-லேருந்து வந்தாரு. நியாயமாச் சொல்லணும்னா அந்த அப்புவுக்கு மத்தவங்களுக்கு இல்லாத நிறைய இருந்துச்சு, கம்ப்யூட்டர்ல டாக்டர் பட்டம், கல்யாணம், ஒரே பிரசவத்துல எட்டுப் பிள்ளைங்க. ஆனா அதெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிருக்கா? அமெரிக்கப் பள்ளிக்கூடத்துல நம்ம பிள்ளைங்கள வெறுப்பேத்த மத்த பிள்ளைங்க எடுத்துக்கிட்டது அந்தக் குரலையும் "நன்றி, மறுபடியும் வாங்க"ங்கிற ஒத்த வரியையும்தான். குரல் குடுத்தது ஹேங்க் அசேரியான்னு ஒரு வெள்ளைக்காரரு. ஹரி கொண்டபோலுங்கிற நகைச்சுவைக் கலைஞர் 2017-ல இத வெச்சே ஒரு ஆவணப்படம் எடுத்தாரு, 2020-ல அசேரியா இனிமே அந்தக் குரல் குடுக்கமாட்டேன்னு ஒதுங்கிட்டாரு, அடுத்த வருஷம் மன்னிப்பும் கேட்டாரு. நிஜமான மன்னிப்பு ஐயா, ஆயிரம் இல்ல, ஒண்ணுதான்.

நம்ம ஊர்ல நான் படிக்கிறப்போ அந்தக் கார்ட்டூன் இல்ல, நம்மாளுங்களக் கேலி பண்ற 'அப்பு நேநே'ன்னு வேற ஒரு பாட்டு இருந்துச்சு. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், தோ பாயோல யாரும் பாடாம இருந்திருக்க மாட்டாங்க. அதுக்கும் நீங்க சிரிச்சீங்களா?

கேள்வி: டீவி காமெடித் தொடர்ல ஃபுவா சூ காங் வேஷத்துல குர்மித் சிங் பத்து வருஷம் சீனரா நடிச்சாரு, யாரும் போராட்டம் பண்ணல. 2019-ல ஒரு சீன நடிகர் இந்தியரா வேஷம் போட்டதுக்கு மட்டும் ஏன் அவ்ளோ ரகளை? நமக்கு ஒரு நியாயம், அவங்களுக்கு ஒரு நியாயமா? (செங்காங் வாசகர்)

பதில்: தம்பி, நல்ல கேள்வி, நானே ரொம்ப நாள் தடுமாறினேன். குர்மித்தோட அப்பா சீக்கியரு, அம்மா வழியில சீன ரத்தமும் ஜப்பான் ரத்தமும் உண்டு, அதனால 'அவரு சீனர் இல்ல'ன்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது. ஆனா என் பதில் அது இல்ல.

1997-லேருந்து 2007 வரைக்கும் அந்த மஞ்சள் பூட்ஸ், மச்சம், சுருட்டை முடி கான்டிராக்டரப் பாத்து ஊரே சிரிச்சுது, பிரதமர் கோ சோக் தோங் 1999 தேசிய தினப் பேரணில அவரோட இங்கிலீஷப் பத்திப் பேசுற அளவுக்குப் போச்சு. அந்த நேரம் சேனலத் திருப்பினா சீனர் செய்தி வாசிப்பாரு, இன்னொரு சேனல்ல சீனர் காதலிப்பாரு, இன்னொண்ணுல கொலை பண்ணுவாரு, கோர்ட்ல வாதாடுவாரு. பத்துப் பேரோட பதினோராவதா ஃபுவா சூ காங். 2019 விளம்பரத்துல ஒரே நடிகர நாலு பேரா வேஷம் போட வெச்சு, இந்தியருக்கு மட்டும் முகத்துல கறுப்பு பூசி 'கே. முத்துசாமி'ன்னு பேட்ஜ் குத்தினாங்க. விளம்பரத்துல நம்ம ஆம்பளை வர்றதே அபூர்வம், வந்த ஒருத்தரும் நாம இல்ல, பெயிண்ட்டு. அப்புறம் எடுத்துட்டாங்க, மன்னிப்பும் கேட்டாங்க. 2020 கணக்குல நாம நூத்துக்கு ஒம்பது பேரு. ஒம்பது பேர்ல ஒருத்தரக் கூப்பிட்டு நிக்க வெக்க முடியலையான்னுதான் எனக்கு வருத்தம், மத்தபடி வேஷம் போட்ட நடிகரப் போட்டுத் திட்டினது எனக்குப் புடிக்கல, அவரு ஆர்டர் வாங்கி நடிச்சவரு.

கேள்வி: 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' நம்ம ஊரப் பத்தின படம், உலகமே பாத்துச்சு. பெருமைப்படாம நீங்கெல்லாம் ஏன் குறை சொல்றீங்க? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: பெருமைப்பட்டேம்மா, தியேட்டர்ல ரெண்டு தடவை பாத்தேன். 2018-ல அது பெரிய விஷயம், இருபத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம் ஹாலிவுட்ல முழுக்க ஆசியர்கள் நடிச்ச இந்தக் காலத்துக் கதை, 23 கோடி அமெரிக்க டாலருக்கு மேல வசூல். ஹீரோ ஹென்றி கோல்டிங் சட்டை போட்டாலும் அழகு, நம்ம ஊர் நடிகர் பியர் பிங் குளிச்சுட்டு வந்தா அதுக்கு மேல. ஆசிய ஆம்பளைய இப்படி ஆசைப்பட்டுப் பாக்கலாம்னு ஹாலிவுட் ஒத்துக்கிட்டதே சாதனைதான்.

ஆனா ராத்திரில கார் போயி அந்த மாளிகை வாசல்ல நிக்குது பாருங்க, துப்பாக்கியோட ரெண்டு சீக்கியர் எட்டிப் பாக்க, உள்ள இருக்குற பொண்ணுங்க அலற, தியேட்டரே சிரிக்குது. என் பக்கத்துல ஒரு சர்தார்ஜி பெரியவர் உக்காந்திருந்தாரு, அவரு சிரிக்கவும் இல்ல, எழுந்து போகவும் இல்ல, பாப்கார்ன மட்டும் கீழ வெச்சிட்டாரு. அந்தக் காலத்துல பேங்க் வாசல்ல கயித்துக் கட்டில் போட்டுப் படுத்திருந்த ஜாகா, அதான் சீக்கிய வாட்ச்மேன், அப்படியே ஹாலிவுட் வரைக்கும் போயிட்டாரு, இன்னும் வாசல்லதான் நிக்கிறாரு.

கேள்வி: என் மகளுக்கு கொரியன் ஹீரோன்னா உயிரு. லிப்ஸ்டிக் போட்ட பையனுங்கள எல்லாம் ஆம்பளைன்னு சொல்றாளேன்னு என் வீட்டுக்காரர் தினமும் சண்டை. (ஜூரோங் வெஸ்ட்)

பதில்: உங்க வீட்டுக்காரர்கிட்ட பழைய எம்ஜிஆர் படம் ஒண்ணப் போட்டுக் காட்டுங்க, அந்த உதட்டுக்கு என்ன பதில் சொல்றாருன்னு பாப்போம்.

கொரியாக்காரங்க ஹாலிவுட்கிட்ட போயி "எங்களுக்கும் ஒரு ஹீரோ வேஷம் குடுங்க"ன்னு நிக்கல, சொந்தமா அடுப்பு மூட்டி சமைச்சாங்க, உலகம் தட்டத் தூக்கிட்டு வந்துச்சு. அழுற ஆம்பளை, பயப்படுற ஆம்பளை, பொண்ணுக்கு ஷூ லேஸ் கட்டிவிடுற ஆம்பளை, எல்லாம் அதுல ஹீரோ. மகளுக்கு அது புடிச்சிருக்குன்னா அப்பாதான் கொஞ்சம் யோசிக்கணும்.

ஆனா சமையக்காரங்களுக்கும் ஒரு கண்ணு மூடித்தான் இருக்கு. 'ஸ்குவிட் கேம்' 2021-ல வந்தப்போ அதுல அலின்னு ஒரு பாகிஸ்தான் தொழிலாளி, நடிச்சது அனுபம் திரிபாதிங்கிற இந்தியரு. நல்ல மனசு, நல்ல பலம், எல்லாரையும் "முதலாளி"ன்னு பணிவாக் கூப்பிடுவான், நம்பி ஏமாந்து சாவான். பாக்குறப்போ எனக்கு அழுகை வந்துச்சு, அழுதுட்டே இன்னொண்ணும் தோணுச்சு, பழுப்பு நிறத்துல ஒருத்தன் வந்தா அவன் ரொம்ப நல்லவனா இருக்கணும், சீக்கிரம் செத்தும் போகணும். ஞாயித்துக்கிழமை தேக்கால (லிட்டில் இந்தியா) நம்ம டார்மிட்டரி தொழிலாளித் தம்பிங்க நிக்கிறாங்களே, அவங்கள்ல எமகாதகன் எத்தனை பேரு இருக்கான், ஜோக்கடிச்சே கொல்றவன், கடன் வாங்கிட்டு நம்பர மாத்துறவன், கவிதை எழுதுறவன். அந்த ஆளுங்கள எந்த டீவியும் இன்னும் சரியாக் காட்டல.

கேள்வி: இந்தியப் பொண்ணுங்க மட்டும் இங்கிலீஷ் தொடர்ல ஹீரோயின் ஆயிட்டாங்க, பையனுங்களக் காணோமே? (என்எஸ் பண்ணிட்டிருக்குற வாசகர்)

பதில்: கவனிச்சிருக்கீங்க சார்ஜென்ட். 2022-ல 'பிரிட்ஜர்டன்' ரெண்டாவது சீசன்ல தமிழ் வழியில வந்த சிமோன் ஆஷ்லி கதாநாயகி, காதலன் வெள்ளைக்காரப் பிரபு. 'நெவர் ஹேவ் ஐ எவர்' 2020-ல வந்துச்சு, அமெரிக்கத் தமிழ்க் குடும்பம், நடிச்ச மைத்ரேயி கனடாத் தமிழ்ப் பொண்ணு. அதுல அப்பா மோகன் அழகு, அன்பு, எல்லாம் இருக்குற தமிழ் ஆம்பளை, டீவில இப்படி ஒருத்தரான்னு நான் நிமிந்து உக்காந்தேன், முதல் எபிசோட்லயே மாரடைப்புல போயிட்டாரு. கேம்ப்லேருந்து புக் அவுட் பண்ணிட்டு வந்து அஸீஸ் அன்சாரியோட 'மாஸ்டர் ஆஃப் நன்' முதல் சீசன் பாருங்க, 2015-ல வந்தது, இந்த ஆடிஷன் ஆக்சென்ட் கூத்துக்கே ஒரு முழு எபிசோட் இருக்கு.

கேள்வி: இங்கிலீஷ்காரன விடுங்க, நம்ம ஊர் படத்துல தமிழ் ஆம்பளை எப்படி வர்றான்? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: நீங்க பொல்லாதவர். கான் விழா வரைக்கும் போன ரெண்டு சிங்கப்பூர்ப் படத்தச் சொல்றேன். 2008-ல எரிக் கூ எடுத்த 'மை மேஜிக்', முக்கால்வாசி தமிழ்ல பேசுற படம், கான்ல போட்டிப் பிரிவுக்கே போச்சு. நாயகன் குடிகார மேஜிக்காரன். 2016-ல கே. ராஜகோபால் எடுத்த 'எ யெல்லோ பேர்ட்', நாயகன் ஜெயில்லேருந்து வந்தவன். ரெண்டும் நல்ல படம், ரெண்டுலயும் அந்த ஆளோட வீட்டுக்குள்ள, வலிக்குள்ள போயி காட்டியிருக்காங்க, அதனால பழைய கோமாளி வேஷத்தோட இதச் சேக்க மாட்டேன். இருந்தாலும் ஒரு குடிகாரன், ஒரு கைதி, கணக்கு உதைக்குது பாருங்க. எச்டிபி வீட்டு லோன் கட்டிக்கிட்டு, காலைல எம்ஆர்டி ரயில்ல தூங்கி விழுந்துக்கிட்டு, பொண்டாட்டிகிட்ட ஏதோ பொய் சொல்லி மாட்டிக்கிற சாதாரணத் தமிழன நம்ம தமிழ்ச் சேனல் வசந்தம் மட்டும்தான் காட்டுது, 2008-ல தனிச் சேனல் ஆனதுலேருந்து அங்க நம்மாளு போலீஸ், வக்கீல், ரவுடி, காதலன் எல்லாம் ஆகலாம், 'வேட்டை' போலீஸ் தொடர்ல ஓடி ஓடிப் புடிச்சாங்களே. நடிப்பு சில நேரம் ஓவரு, அது வேற விஷயம். ஆனா அத நாம மட்டும்தான் பாக்குறோம், பக்கத்து வீட்டு லிம் பாக்கலையே.

கேள்வி: பக்கத்து வீட்டு சீன அங்கிளோட சேந்து '7ஆம் அறிவு' பாத்தேன். "உங்க படத்துல நாங்க இப்படித்தானா?"ன்னு சிரிச்சிட்டே கேட்டாரு. அசிங்கமாப் போச்சு. (அங் மோ கியோ)

பதில்: ஆகணும், நல்லது. 2011-ல வந்த படம், சீன வில்லன் கண்ணால பாத்தே ஆள வசியம் பண்ணிக் கொல்வான், நடிச்சது வியட்நாம் வழி அமெரிக்கர் ஜானி ட்ரை நுயென். 2016-ல 'கபாலி' பக்கத்து ஊர் மலேசியக் கதை, அதுலயும் சீனர் கோட்டு போட்ட கேங்ஸ்டர். நடிச்ச வின்ஸ்டன் சாவ் தைவான்காரரு, 1993-லயே ஆங் லீ படத்துல கதாநாயகன், நம்மகிட்ட வந்து ரஜினிகிட்ட அடிவாங்கினாரு. நாம எடுக்குற கலைநிகழ்ச்சில "சிங் சாங்"னு பேசி கைதட்டல் வாங்குறத நான் முன்வரிசைல உக்காந்து பாத்திருக்கேன், நானும் கைதட்டியிருக்கேன், சொல்றதுக்கு என்ன. அங்கிளுக்கு அடுத்த வாரம் வேற நல்ல படமாப் போட்டுக் காட்டுங்க, முறுக்கும் குடுங்க.

கேள்வி: 'கிம்ஸ் கன்வீனியன்ஸ்'னு ஒரு கொரியக் குடும்பத் தொடர் பாத்தேன், பிள்ளைங்க "அப்பா, அப்பா"ன்னு கூப்பிடுதுங்க. என் பேத்தி "அந்தத் தாத்தா நம்மாளா?"ன்னு கேக்குறா. (பிடோக், ஒரு பாட்டி)

பதில்: கொரிய மொழிலயும் அப்பா அப்பாதாம்மா. கனடாத் தொடர், 2016-லேருந்து 2021 வரைக்கும் ஓடுச்சு, அதுல மகனா வர்ற சிமு லியு பின்னாடி மார்வெல் படத்துல ஹீரோவே ஆயிட்டாரு. பேத்திகிட்ட சொல்லுங்க, மாமா கடை வெச்சிருக்காரு, எல்லாத்துக்கும் வெல பேசுறாரு, மகன் மேல உயிரையே வெச்சுக்கிட்டு வருஷக்கணக்கா பேசாம முறைச்சுக்கிட்டுத் திரியிறாரு, "அப்பா"ன்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்குறாரு. நம்மாளுதான்.